மாற்றுத்திறனாளி இருக்கும் வீட்டுக்கு என்னென்ன உதவி, எந்த வாசலில்? தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் தம்பிக்கு இப்போது 31 வயது. மூளை முடக்குவாதம், கூடவே அறிவுசார் குறைபாடு. அவனுக்கான ஆபீஸ் அலைச்சல் எல்லாம் அப்பாவோடு இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன் அப்பா தவறிய பிறகு, ஒரு மஞ்சள் பை நிறைய காகிதங்கள் என்னிடம் வந்து சேர்ந்தன. பாதி மங்கிப்போன ஜெராக்ஸ். எது உயிரோடு இருக்கும் சான்றிதழ், எது காலாவதியானது என்று பிரிக்கவே எனக்கு ஒரு மாதம் ஆனது.

அந்தப் பையிலிருந்து நான் கற்றுக்கொண்டது இதுதான்: உதவிகள் இருக்கின்றன, ஆனால் ஒரே இடத்தில் இல்லை. ஒன்று மாற்றுத்திறனாளிகள் நலத்துறையில், ஒன்று வருவாய்த்துறையில், ஒன்று வருங்கால வைப்பு நிதி அலுவலகத்தில், ஒன்று கலெக்டர் தலைமையிலான குழுவில். எந்த வாசலில் முதலில் நிற்பது என்று தெரியாததால்தான் தகுதியுள்ள பல குடும்பங்கள் வெறுங்கையோடு திரும்புகின்றன. அதனால் கீழே இருப்பதை இதே வரிசையில் செய்யுங்கள்.

முதலில் பெயரைச் சரிசெய்யுங்கள்

எந்த விண்ணப்பமும் போடுவதற்கு முன் பிறப்புச் சான்றிதழ், ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் நான்கையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பாருங்கள். பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். தம்பியின் ஆதாரில் இனிஷியல் முன்னால், வங்கியில் பின்னால், மருத்துவச் சான்றிதழில் இனிஷியலே இல்லை. அந்த ஒரு எழுத்துக்காக எட்டு மாதம் போனது.

ஆதார் எடுக்கும்போது இன்னொரு சிக்கல் வரும். தம்பியின் கை எப்போதும் இறுகி மூடியே இருக்கும். கட்டைவிரலைப் பிரித்துக் கருவியில் வைக்க நானும் அம்மாவும் இரண்டு பக்கமும் பிடிக்க வேண்டும். அவனுக்கு வலிக்கும், கருவியில் சிவப்பு விளக்குதான் எரியும். விரல் ரேகை விழாதவர்களுக்குக் கருவிழிப் பதிவை வைத்தே ஆதார் எடுக்கலாம், புதுப்பிக்கலாம். ஆதார் மையத்தில் நீங்களே இதைக் கேளுங்கள். பிள்ளையின் விரலோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

அப்புறம், அவர் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு. 18 வயதுக்குக் கீழே என்றால் அம்மாவோ அப்பாவோ காப்பாளராக இருந்து தொடங்கலாம். உதவித்தொகை பெரும்பாலும் ஆதார் இணைந்த கணக்குக்குத்தான் போகும். எந்தக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறது என்று வங்கியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் சாவி: தனித்துவ அடையாள அட்டை

யு.டி.ஐ.டி. என்று எல்லா அலுவலகத்திலும் கேட்பது இதைத்தான். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. கை, கால், கண், காது மட்டுமில்லை. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, மனநோய், தசைச்சிதைவு, தலசீமியா, ஹீமோஃபிலியா, பார்க்கின்சன், அமில வீச்சால் பாதிக்கப்பட்டோர் என்று பட்டியல் நீளமானது. "எங்க பிள்ளைக்கு இதெல்லாம் வராது" என்று நீங்களே முடிவு செய்து ஒதுங்கிவிடாதீர்கள்.

விண்ணப்பம் ஸ்வாவ்லம்பன் கார்டு இணையதளத்தில். கைப்பேசியிலேயே போடலாம், இல்லை என்றால் இ-சேவை மையம். புகைப்படம், ஆதார், முகவரிச் சான்று, கையெழுத்து அல்லது கைரேகை வேண்டும். பதிவு எண் வந்ததும் எழுதி வையுங்கள். பிறகு அரசு மருத்துவமனையில் மதிப்பீடு. மாவட்ட மருத்துவமனைகளில் இதற்கென்று குறிப்பிட்ட கிழமைகள் இருக்கும், போகும் முன் விசாரியுங்கள். தம்பி போன்றவர்களைக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பி வருவது ஒரு நாள் கூலியும் ஆட்டோ காசும் போகிற விஷயம்.

அட்டை வீட்டுக்குத் தபாலில் வரும், இணையத்திலும் இறக்கிக்கொள்ளலாம். இப்போது அட்டையில் வண்ணம் உண்டு: 40 சதவீதத்துக்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம். பெரும்பாலான உதவிகளுக்கு 40 சதவீதம்தான் வாசல்படி. சிலவற்றுக்கு 75, சிலவற்றுக்கு 80. ஆகவே மருத்துவர் எழுதும் அந்த எண் வாழ்நாள் முழுக்கக் கூட வரும்.

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. அறிவுசார் குறைபாட்டை மதிப்பிடும்போது பிள்ளையைச் சோதிப்பதோடு பெற்றோரிடமும் கேள்வி கேட்பார்கள். தானாகச் சாப்பிடுவானா, உடை மாற்றுவானா, கழிவறைக்குப் போவானா, கடைக்குப் போய்ச் சாமான் வாங்குவானா. தம்பிக்கு முதல் முறை மதிப்பீடு நடந்த அன்று அம்மா தலைவாரிப் பூ வைத்து, அவனுக்குப் புதுச்சட்டை போட்டுக் கூட்டிப்போயிருந்தார். ஒவ்வொரு கேள்விக்கும் "செய்வான் சார், எல்லாம் செய்வான்" என்றார். சோறு அள்ளிச் சாப்பிடுவான் என்றார். தட்டைச் சுவரோரமாக வைத்து, பிசைந்து கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்தால்தான் சாப்பிடுவான் என்பதைச் சொல்லவில்லை. பிள்ளையைக் குறைத்துச் சொல்ல எந்தத் தாய்க்கு மனம் வரும்? அந்தப் பாசத்தில் சதவீதம் குறைந்துவிட்டது. மறு மதிப்பீட்டுக்கு விண்ணப்பித்துச் சரியான சான்றிதழ் வாங்க இரண்டு வருஷம்.

அதனால் போவதற்கு முன் ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள். காலையில் எழுந்தது முதல் படுக்கும்வரை எதை அவர் தானாகச் செய்கிறார், எதற்கு ஒரு கை வேண்டியிருக்கிறது, எதை முழுக்க நீங்களே செய்கிறீர்கள். இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள் என்பதும் அதில் இருக்கட்டும். கூட்டியும் சொல்ல வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். அந்த நோட்டை மருத்துவர் முன் வையுங்கள். இந்தப் பிரிவில் லேசான பாதிப்புக்கு 50, மிதமானதற்கு 75, கடுமையானதற்கு 90, மிகக் கடுமையானதற்கு 100 சதவீதம் என்பது அளவு. இரண்டு படிகளுக்கு நடுவே 25 சதவீதம் கூட வித்தியாசம் வரும்.

சான்றிதழில் செல்லுபடியாகும் தேதி இருக்கிறதா என்றும் பாருங்கள். சிறு பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தற்காலிகமாகத்தான் தருவார்கள். தேதி தாண்டினால் உதவித்தொகையும் நிற்கலாம். கொடுத்த சதவீதம் தவறு என்று தோன்றினால் மேல்முறையீட்டுக்குச் சட்டத்திலேயே இடமுண்டு.

மாதாமாதம் வரும் பணம்

இதில்தான் குழப்பம் அதிகம், ஏனென்றால் இரண்டு துறைகள் தனித்தனியாகக் கொடுக்கின்றன.

முதலாவது, மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை, மாதம் 2,000 ரூபாய். 40 சதவீதமும் அதற்கு மேலும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், 75 சதவீதமும் அதற்கு மேலும் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள், தசைச்சிதைவு நோயாளிகள், தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்கள், தண்டுவடக் காயம், பார்க்கின்சன், தண்டுவட மரப்பு போன்ற பாதிப்பு உள்ளவர்களுக்கு. இதற்கு வாசல் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், பெரும்பாலும் கலெக்டர் அலுவலக வளாகத்திலேயே இருக்கும். குழந்தைகளுக்கும் உண்டு, 18 ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இரண்டாவது, வருவாய்த்துறையின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம். 2023 ஜனவரியில் 1,000-லிருந்து 1,500 ரூபாய் ஆனது. முதல் பட்டியலில் வராத, 18 வயது முடிந்த, 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ள ஏழைகளுக்கு இது. இ-சேவை மையத்தில் பதிந்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) விசாரணை முடிந்து சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போகும். வி.ஏ.ஓ. விசாரிக்க வரும் நாளில் பாதிக்கப்பட்டவர் வீட்டில் இருக்க வேண்டும்.

இரண்டும் சேர்த்து ஒருவருக்குக் கிடைக்காது. முதலாவதற்குத் தகுதி இருந்தால் அதற்கே போடுங்கள். எங்கள் தெருவில் கழுத்துக்குக் கீழே அசைவில்லாத ஒருவர், யாரோ சொன்னார்கள் என்று தாலுகா ஆபீஸில் மனு கொடுத்து, குறைவான தொகையை மூன்று வருஷம் வாங்கிக்கொண்டிருந்தார்.

எழுந்து உட்காரவே ஆள் வேண்டும் என்கிற நிலையில் இருப்பவர்களுக்கு, கூட இருந்து பார்த்துக்கொள்பவருக்கென்று மாதம் 1,000 ரூபாய் தனியாக வழங்கும் திட்டமும் நலத்துறையில் இருக்கிறது. உயர் ஆதரவு தேவைப்படுவோர் என்ற பெயரில் கேளுங்கள். கேட்டால்தான் படிவம் கைக்கு வரும்.

ரேஷன் அட்டையையும் ஒருமுறை பாருங்கள். மாற்றுத்திறனாளி இருக்கும் ஏழைக் குடும்பம் மாதம் 35 கிலோ அரிசி தரும் அந்தியோதயா அட்டைக்கு மாற்றச் சொல்லி வட்ட வழங்கல் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.

மருத்துவச் செலவு

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். காது கேளாத சிறு குழந்தைக்கு உள்காது கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை இதில் வரும். ஆனால் அதற்கு ஆறு வயது என்ற வரம்பு இருக்கிறது. கூப்பிட்டால் குழந்தை திரும்பவில்லை என்று சந்தேகம் வந்த அன்றே மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்குப் போங்கள். அரசு மருத்துவமனையிலேயே இருக்கும், கட்டணம் இல்லை. "வளர்ந்தா சரியாயிடும்" என்று காத்திருந்து வயது தாண்டிப்போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

பெரிய காப்பீடு படுக்கையில் சேர்த்தால்தான் உதவும். நம் வீடுகளில் பணம் கரைவது வாரா வாரம் போகும் பிசியோதெரபியிலும், பேச்சுப் பயிற்சியிலும், வலிப்பு மாத்திரையிலும். அதற்குத்தான் நிராமயா என்ற மருத்துவக் காப்பீடு. 1999-ஆம் ஆண்டு சட்டப்படி அமைந்த தேசிய அறக்கட்டளை நடத்துவது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு என்ற நான்கு பிரிவுக்கு மட்டும். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. வயது வரம்பு இல்லை, சேரும் முன் மருத்துவப் பரிசோதனை இல்லை, புறநோயாளிச் செலவும் தெரபியும் உள்ளே வரும். சேருவதற்கு வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு 250 ரூபாய், மற்றவர்களுக்கு 500. அறக்கட்டளையில் பதிவு பெற்ற சிறப்புப் பள்ளி அல்லது தொண்டு நிறுவனம் வழியாகச் சேரலாம். நாம் முதலில் செலவு செய்து பில்லை அனுப்பினால் பணம் கணக்குக்கு வரும். ஒவ்வொரு பில்லிலும் பிள்ளையின் பெயரும், தெரபி என்றால் எத்தனை அமர்வு என்பதும் இருக்கட்டும். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், மறந்தால் அந்த வருஷம் போனதுதான்.

சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. தெரபி, மதிப்பீடு, சிறப்புக் கல்வி எல்லாம் ஒரே வளாகத்தில். தூரத்திலிருந்து வருபவர்கள் கூட ஒருமுறையாவது முழு மதிப்பீட்டுக்கு அங்கே போய் வருவது நல்லது. தமிழக அரசின் 'விழுதுகள்' ஒருங்கிணைந்த சேவை மையங்களிலும் தெரபி கிடைக்கிறது. உங்கள் பகுதிக்கு வந்துவிட்டதா என்று விசாரியுங்கள்.

பார்த்துக்கொள்பவரின் மனசும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். இரவில் தாங்க முடியாத பாரமாக இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், இலவசம். நானும் பேசியிருக்கிறேன்.

சக்கர நாற்காலி, காதொலிக் கருவி

மத்திய அரசின் உபகரண உதவித் திட்டத்தில் குடும்பத்தின் மாத வருமானம் 22,500 ரூபாய் வரை என்றால் முழு இலவசம், 30,000 வரை பாதி விலை. உபகரணங்கள் தயாரிக்கும் மத்திய அரசின் அலிம்கோ நிறுவனம் மாவட்டந்தோறும் முகாம் நடத்தும். ஒருமுறை வாங்கினால் மூன்று வருஷம் கழித்துத்தான் அதே வகை உபகரணம். 12 வயதுக்குக் கீழே என்றால் ஒரு வருஷத்திலேயே மறுபடி வாங்கலாம், பிள்ளைகள் வளர்கிறார்கள் அல்லவா. மாநில நலத்துறையும் தனியாக மூன்று சக்கர வண்டி, இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர், பேட்டரி நாற்காலி கொடுக்கிறது.

முகாமில் கொடுக்கிறார்களே என்று அளவு பார்க்காமல் வாங்கி வராதீர்கள். தம்பிக்கு முதலில் வந்த நாற்காலி அகலம் அதிகம். ஒரு பக்கமாகச் சரிந்தே உட்கார்ந்திருந்தான், இடுப்பில் புண் வந்தது. உட்காரவைத்து, கால் பலகையில் பாதம் பதிகிறதா, இடுப்புக்கு இரண்டு பக்கமும் இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி இல்லாமல் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

படிப்பு, பயணம், வரி

6 முதல் 18 வயது வரை, 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ள பிள்ளைக்கு அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பிய சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி சட்டப்படி உரிமை. பள்ளிக்கே வர முடியாத பிள்ளைக்கு வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வீட்டுக்கு வர வேண்டும். கல்வி உதவித்தொகை ஒன்றாம் வகுப்பிலிருந்தே உண்டு, வகுப்பு ஏற ஏறத் தொகையும் ஏறும். பொதுத் தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் ஆகியவற்றுக்கு முன்கூட்டியே பள்ளி வழியாக விண்ணப்பிக்க வேண்டும், தேர்வுக்கு முந்தைய வாரம் ஓடினால் கிடைக்காது. உயர்கல்வியில் 5, அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடு.

அரசு சாதாரண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் கட்டணமில்லை. ரயிலில், துணையின்றிப் போக முடியாத கை கால் குறைபாடு உள்ளவர்கள், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், முழுப் பார்வையிழந்தவர்கள் ஆகியோருக்கு ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.சி. வகுப்புகளில் 75 சதவீதச் சலுகை, துணைக்கு வருபவருக்கும் அதேதான். ரயில்வே தனியாக ஓர் அடையாள அட்டை தருகிறது, அரசு மருத்துவர் தரும் ரயில்வே சலுகைச் சான்றிதழை வைத்து இணையத்தில் விண்ணப்பிக்கலாம்.

வீட்டில் யாராவது வருமான வரி கட்டினால், மாற்றுத்திறனாளியைப் பராமரிப்பதற்காக 75,000 ரூபாய் கழிவு, 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000. 80 டி.டி. பிரிவு என்று ஆடிட்டர்கள் சொல்வது இதைத்தான். எவ்வளவு செலவானாலும் இதே தொகை. பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே கிடைக்கும்.

மனு நகரவில்லை என்றால்

எந்த மனுவைக் கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு இல்லாமல் வராதீர்கள். "வச்சுட்டுப் போங்க, பாத்துக்கலாம்" என்றால், இரண்டாவது நகலில் தேதியோடு முத்திரை கேளுங்கள். முப்பது நாள் பாருங்கள். பிறகு திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டம், அல்லது 1100 முதல்வர் உதவி எண். மாற்றுத்திறனாளிகளுக்கென்றே 1800 425 0111 என்ற இலவச எண்ணும் உண்டு. அதற்கும் அசையவில்லை என்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு: என் மனு எந்த நாளில், யாருடைய மேசையில் இருக்கிறது என்ற ஒரே கேள்வி. தம்பியின் நின்றுபோன உதவித்தொகை அந்தக் கேள்விக்குப் பிறகுதான் திரும்ப வந்தது. சட்டம் தந்த உரிமையையே மறுத்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம்.

நமக்குப் பிறகு

இதைப் பேசத்தான் எல்லா வீட்டிலும் தயங்குகிறார்கள். பேசியே ஆக வேண்டும்.

18 வயது முடிந்ததும், தாய் தந்தையாக இருந்தாலும், சட்டப்படி நீங்கள் அவருடைய காப்பாளர் இல்லை. மேலே நிராமயாவுக்குச் சொன்ன நான்கு பிரிவினருக்குக் கலெக்டர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவிடம் சட்டப்பூர்வ காப்பாளர் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நீதிமன்றம், வக்கீல் செலவு எதுவும் இல்லை. நேரில் விசாரித்துச் சான்றிதழ் தருவார்கள். வங்கிகள் அதை ஏற்கும். பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே வாங்கிவிட்டால் பின்னால் அண்ணன் தங்கைக்கு மாற்றுவது எளிது.

அடுத்தது ஓய்வூதியம். அரசு ஊழியரின் மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு, சொந்தமாகச் சம்பாதிக்க முடியாத நிலை என்றால், பெற்றோருக்குப் பின் வாழ்நாள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. பணியில் இருக்கும்போதே குடும்ப விவரத்தில் பிள்ளையின் குறைபாட்டைப் பதிவு செய்யுங்கள். தனியார் வேலை பார்த்தவர்களுக்கும் இதுபோல ஒன்று இருப்பது யாருக்கும் தெரிவதில்லை. பி.எஃப். பிடித்தம் செய்தவர் இறந்தால் மனைவிக்கு ஓய்வூதியமும், அதில் 25 சதவீதம் பிள்ளைக்கும் வரும். சாதாரணமாக 25 வயதில் பிள்ளையின் பங்கு நின்றுவிடும். நிரந்தரமாக முழு ஊனமுற்ற பிள்ளை என்றால் வயது வரம்பே கிடையாது, தாயும் போன பிறகு அது 75 சதவீதமாகும்.

அப்பா நூற்பாலையில் 22 வருஷம் வேலை பார்த்தவர். தம்பிக்கு 25 ஆனதும் பணம் நின்றது. வயசாகிவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டோம். ஊனச் சான்றிதழைக் கொடுத்தால் தொடரும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அப்பாவோடு வேலை பார்த்த ஒரு பெரியவர், துக்க வீட்டில் டீ குடித்துக்கொண்டே தற்செயலாகச் சொன்னார். அதற்குள் நான்கு வருஷம் போயிருந்தது.

சொத்து இருந்தால் உயில் எழுதுங்கள். மற்ற பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்று வாய்வார்த்தையில் விடவேண்டாம். பாதிக்கப்பட்ட பிள்ளையின் பங்கு எது, அதை யார் நிர்வகிப்பது, அவருக்குப் பின் யார் என்று பெயரோடு எழுதி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்துப் போடுங்கள். பதிவு கட்டாயமில்லை, ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால் பின்னால் தகராறு குறையும். எவ்வளவு தருகிறோம் என்பதோடு, தட்டைச் சுவரோரமாக வைத்தால்தான் அவன் சாப்பிடுவான் என்பதையும் ஒரு தனித்தாளில் எழுதி அதனுடன் சேர்த்து வையுங்கள். என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு, எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவான், தூக்கம் வராவிட்டால் எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைப்பது. அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஆறு பக்கம் வந்தது, இன்னும் முடியவில்லை.